லாரியின் பிரேக் விளக்கு: திண்டிவனம்–விழுப்புரம் சாலையில் ஒரு பட்டறைத் தொழிலின் வரலாறு

லாரியில் உள்ள விளக்குகளில் ஓட்டுநர் தன் இருக்கையிலிருந்து பார்க்க முடியாதவற்றில் ஒன்று பிரேக் விளக்கு. ஹெட்லைட் அணைந்தால் சாலை இருண்டுவிடும். இண்டிகேட்டர் பல்பு போனால் டேஷ்போர்டில் துடிப்பு மாறும். பிரேக் விளக்கு எரியாமல் போனால் ஓட்டுபவருக்கு எதுவும் தெரிவதில்லை; பின்னால் வருபவருக்குத்தான் தெரியும், அதுவும் பெரும்பாலும் காலம் கடந்த பிறகு. இதனால் வேறொருவர் இறங்கி நின்று பார்த்துச் சொன்னால்தான் பழுது வெளிப்படும். லாரி மின்வேலைப் பட்டறைகள் நெருக்கமாக வளர்ந்த திண்டிவனம்–விழுப்புரம் சாலையில் இந்தப் பார்வை யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது என்பதைத் தொடர்ந்தால், அந்தத் தொழிலின் வரலாறே கிடைத்துவிடும்.

சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை சுமார் 120 கிலோமீட்டரில் திண்டிவனத்தை அடைந்ததும் கிளைவிடுகிறது. ஒரு கிளை புதுச்சேரிக்கும், ஒன்று செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கும் கிருஷ்ணகிரிக்கும், ஒன்று மரக்காணம் கடற்கரைக்கும் பிரிகின்றன. நேரே போகும் சாலை விக்கிரவாண்டியில் கும்பகோணம், தஞ்சாவூர்ச் சாலையைப் பிரித்துவிட்டு, சுமார் 40 கிலோமீட்டரில் விழுப்புரத்தைத் தொடுகிறது. விழுப்புரம் மீட்டர் கேஜ் காலத்திலிருந்தே பெரிய ரயில் சந்திப்பு. தென்னார்க்காட்டின் நிலக்கடலை, மரக்காணத்து உப்பு, கடலோரச் சவுக்குக் கட்டை, முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகும் கரும்பு, தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு இரவோடிரவாக ஏறும் காய்கறி எனப் பலவகைச் சரக்கும் இந்த 40 கிலோமீட்டரில் ஓடுகின்றன. நீண்ட காலம் தேசிய நெடுஞ்சாலை 45 என்றே அறியப்பட்ட சாலை, 2010-இல் எண்கள் மாற்றப்பட்டபின் சென்னை முதல் திண்டிவனம் வரை 32 ஆகவும், திண்டிவனம் முதல் விழுப்புரம் வரை 132 ஆகவும், அதற்குத் தெற்கே 38 ஆகவும் பிரிந்தது. ஓட்டுநர்கள் வாயில் இன்றும் அது ஜி.எஸ்.டி. ரோடுதான்.

மோட்டார் வண்டி இந்தச் சாலைக்கு வந்த தொடக்க காலத்தில் பின்புறம் இருந்தது ஒற்றைச் சிவப்பு விளக்கு. வண்டி அங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொன்னது. நிற்கப் போகிறது என்று சொல்ல மனிதக் கை வேண்டியிருந்தது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் அட்டவணை இந்தக் கைச்சைகைகளை வரையறுத்தது. வேகத்தைக் குறைக்கும்போது வலக்கையை வெளியே நீட்டி, உள்ளங்கை கீழே பார்க்க, மேலும் கீழுமாகப் பலமுறை அசைக்க வேண்டும். நிற்கும்போது முன்கையை நெட்டுக்குத்தாக உயர்த்த வேண்டும். சைகையைக் கைக்குப் பதில் இயந்திர அல்லது மின் கருவியாலும் தரலாம் என்று சட்டமே இடம் கொடுத்திருந்தாலும், கைதான் பெருவழக்காக இருந்தது. வலப்பக்கம் ஓட்டுநர் கை நீட்ட, இடப்பக்கம் கிளீனர் கை நீட்டினார், கதவைத் தட்டினார், குரல் கொடுத்தார். பகலில் இது போதுமானதாக இருந்தது. அகலமாகப் பாரம் ஏற்றிய வண்டிக்குப் பின்னால் வருபவருக்கு ஓட்டுநரின் கை தெரியாது. இருட்டினால் யார் கையும் தெரியாது. லாரிப் போக்குவரத்து இரவு நோக்கி நகர்ந்தபோது கைச்சைகை தானாகவே செல்லாக்காசானது.

அந்த நகர்வுக்குப் பின்னணி சென்னையில் வளர்ந்த வாகனத் தொழில். எண்ணூரில் 1948-இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லேலண்டுடன் உடன்பாடு செய்து 1955-இல் அசோக் லேலண்ட் ஆனது. சென்னைக்கு வெளியே டாடாவும் டெய்ம்லர்-பென்ஸும் 1954-இல் கூட்டுச் சேர்ந்தன. 1961-இல் பாடியில் லூகாஸ்-டி.வி.எஸ். தொடங்கி ஸ்டார்ட்டர் மோட்டாரும் டைனமோவும் உள்நாட்டிலேயே செய்யப்பட்டன. பின்னாளில் டைனமோவின் இடத்தை ஆல்டர்னேட்டர் பிடித்தது. 1962-இல் சுந்தரம் கிளேட்டன் அதே பாடியில் பிரேக் கருவிகளுக்கான தொழிலைத் தொடங்கியது. அதாவது லாரியை நிறுத்தும் கருவியும், அது நிற்பதைப் பின்னால் வருபவருக்கு அறிவிக்கும் விளக்குக்கு மின்சாரம் தரும் கருவியும் ஒரே ஊரிலிருந்து வந்தன. திண்டிவனம் பட்டறைக்காரர் உதிரிப் பாகம் தேடி வெகு தூரம் போக வேண்டியிருக்கவில்லை. காலையில் சென்னை பஸ் ஏறினால் மாலைக்குள் சாமானோடு திரும்பிவிடலாம்.

தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது முழு லாரி அன்று, சேஸ் மட்டும். அதன்மேல் நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பட்டறைகளில் மரத்தாலும் இரும்பாலும் பாடி கட்டினார்கள். பாடி சேஸைவிட நீண்டிருந்ததால் பின்விளக்குகள் இடம் மாறின. அவற்றுக்குப் போகும் வயரை வெட்டி நீட்டினார்கள். இரண்டு செம்புக் கம்பிகளை முறுக்கி டேப் சுற்றிய அந்த ஒட்டு, சேறும் தண்ணீரும் அடிக்கும் பின்சக்கரத்துக்கு அருகிலேயே அமைந்தது. தமிழ்நாட்டு லாரிகளில் பிரேக் விளக்குப் பழுதுக்கு இந்த ஒட்டுகள் ஒரு நெடுங்காலக் காரணம். கம்பெனி வயரிங் பல ஆண்டுகள் தாங்கும். ஒட்டுப் போட்ட இடம் இரண்டு ஐப்பசி மழையைத் தாங்கினாலே அதிகம்.

நெடுஞ்சாலையோரம் லாரி மின்வேலைப் பட்டறைகள் இப்படித்தான் பிழைப்பைக் கண்டன. டயர் கடை, பஞ்சர் கடை, ஸ்பிரிங் பட்டை கட்டும் கொல்லர், டிங்கர் ஆகியோருக்கு அடுத்து ஒரு பேட்டரிக் கடை இருக்கும். பேட்டரி சார்ஜ் போடுவது, செல்ஃப் மோட்டார் கழற்றிப் பழுது பார்ப்பது, விளக்கு வேலை மூன்றையும் ஒருவரே செய்தார். தொழிலைக் கற்றது பெரும்பாலும் பட்டறையிலேயே. சிறு வயதில் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சேர்ந்தவர், சில ஆண்டுகளில் வயரின் நிறத்தை வைத்தே அது எங்கே போகிறது என்று சொல்லும் நிலைக்கு வந்தார். மற்றொரு வழி அரசுப் போக்குவரத்துக் கழகம். 1975-இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் உருவானது. 1997-இல் பெயர் மாற்றத்துக்குப் பின் அது தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் விழுப்புரம் கோட்டம். அதன் பணிமனைகளில் தொழில்பழகுநர்களாக இருந்தவர்களுக்கு முறையான வயரிங் வரைபடத்தைப் படிக்கும் பழக்கம் கிடைத்தது. சாலையோரப் பட்டறையின் கைத்திறமும் பணிமனையின் ஒழுங்கும் கலந்துதான் இந்த வட்டாரத்து வேலைமுறை உருவானது.

அந்த வேலைமுறையைப் பதிவு செய்வது அவசியம். எந்தப் பாடப்புத்தகத்தையும்விடத் தெளிவான வரிசை அதில் இருக்கிறது.

மின்சாரம் போகும் பாதை எளியது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ், அங்கிருந்து பிரேக் ஸ்விட்ச், பிறகு சேஸ் நெடுகப் பின்புறம் வரை ஒரு வயர், பல்பு, பல்பிலிருந்து எர்த்தாகச் சேஸ், சேஸ் வழியே மறுபடி பேட்டரி. பழைய ஹைட்ராலிக் பிரேக் வண்டிகளில் ஸ்விட்ச் பெடலிலோ எண்ணெய்க் குழாயிலோ இருந்தது. ஏர் பிரேக் வந்தபின் அது காற்றுக் குழாயில் திருகப்பட்ட சிறிய குமிழானது. உள்ளே ஒரு மெல்லிய சவ்வு, பெடலை மிதித்ததும் வரும் காற்றழுத்தத்தில் அது நகர்ந்து இரண்டு முனைகளையும் இணைக்கும். இந்த மாற்றம் பட்டறையில் ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தது. இன்ஜினை ஓடவிட்டு ஏர் ஏறிய பிறகே பிரேக் விளக்கைச் சோதிக்க வேண்டும். காற்றுத் தொட்டி காலியாக இருக்கும்போது பெடலை எத்தனை முறை மிதித்தாலும் விளக்கு எரியாது. இதை அறியாமல் நல்ல ஸ்விட்சைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு.

முதல் கேள்வி, ஒரு பக்கம் எரியவில்லையா, இரண்டு பக்கமுமா? ஒரு பக்கம் மட்டும் என்றால் மின்சாரம் பின்புறம் வரை வந்துவிட்டது என்று பொருள்; பழுது அந்தப் பல்பிலோ ஹோல்டரிலோ அதன் எர்த்திலோ அந்தப் பக்கத்துக்குப் பிரியும் வயரிலோதான். இரண்டும் எரியவில்லை என்றால் ஃபியூஸ், ஸ்விட்ச், நடுவயர் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். இரண்டு பல்புமே போயிருக்கவும் வாய்ப்பு உண்டு: ஒன்று எப்போதோ போய்விட்டது, யாரும் கவனிக்கவில்லை, மற்றது இன்று போயிற்று. ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாத விளக்கில் இது அடிக்கடி நடப்பது இயல்பே. அதனால் அனுபவப்பட்டவர்கள் எடுத்தவுடன் ஃபியூஸ் பெட்டிக்குப் போவதில்லை, பல்பைத்தான் முதலில் கழற்றுவார்கள்.

பின்விளக்கில் இருப்பது டபுள் பாயிண்ட் பல்பு. ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள்; 5 வாட் இழை இரவு விளக்குக்கு, 21 வாட் இழை பிரேக்குக்கு. பக்கவாட்டில் உள்ள இரண்டு ஊசிகளும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. பல்பு தலைகீழாக மாட்டப்படக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. ஹோல்டர் தேய்ந்து இளகிய பழைய வண்டியில் பல்பு எப்படியும் உள்ளே போய்விடும். அப்போது இரவு விளக்கு பளிச்சென்று எரியும், பிரேக்கை மிதித்தால் வித்தியாசமே தெரியாது. பின்னால் வருபவர் நிற்காத வண்டி என்று எண்ணிக்கொண்டு வருவார். எரியாத விளக்கைவிட இது ஆபத்தானது. வோல்ட் குழப்பமும் இதே வகை. பழைய லாரிகளில் 12 வோல்ட், 24 வோல்ட் இரண்டும் புழக்கத்தில் இருந்தன. 24 வோல்ட் வண்டியில் 12 வோல்ட் பல்பு போட்டால் மிதித்த உடனே தீய்ந்துவிடும். 12 வோல்ட் வண்டியில் 24 வோல்ட் பல்பு போட்டால் மங்கலாக எரிந்து பகல் வெளிச்சத்தில் காணாமலே போய்விடும்.

பல்பு நன்றாக இருந்தால் செக்கிங் லைட் வெளியே வரும். ஒரு பழைய ஹோல்டர், ஒரு பல்பு, இரண்டு நீள வயர். பட்டறைக்காரர் தாமே செய்துகொண்ட கருவி. ஒரு முனையைச் சேஸில் சுத்தமான இரும்பில் வைத்து, மறுமுனையால் ஹோல்டரின் பிரேக் முனையைத் தொட்டுக்கொண்டு, முன்னால் இருப்பவரை மிதிக்கச் சொல்வார். செக்கிங் லைட் எரிந்து லாரியின் விளக்கு எரியவில்லை என்றால் எர்த்தில் கோளாறு. ஹோல்டரின் உடம்பிலிருந்து சேஸுக்குத் தனி வயர் ஒன்றைப் பிடித்ததும் விளக்கு எரிந்தால் முடிவு உறுதி.

எர்த் கோளாறுதான் இந்த வட்டாரத்தின் நிரந்தரப் பழுது. கடற்கரையை ஒட்டிய ஓட்டம், உப்பு மூட்டையிலிருந்து கசியும் நீர், மழைக்காலச் சேறு எல்லாம் போல்ட்டின் அடியில் துருவை வளர்க்கின்றன. அதன் அடையாளமும் விசித்திரமானது. பிரேக்கை மிதித்தால் இரவு விளக்கு மங்கும். இண்டிகேட்டர் போட்டால் பிரேக் விளக்கும் சேர்ந்து மினுக்கும். திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் அடுத்த இழைக்குள் புகுந்து வழி தேடுவதால் வரும் விளைவு அது. போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டையும் துருவையும் அரத்தால் தேய்த்து, இரும்பு பளபளக்கும்வரை சுத்தம் செய்து முறுக்கினால் சரியாகிவிடும். எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுச் சோதனைக்கு முன் வண்டி முழுவதும் புது பெயின்ட் அடிக்கும் வழக்கம் இந்தப் பழுதைக் கூட்டியது. சோதனைக்காக அழகுபடுத்திய வண்டியின் எர்த் போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் புகுந்து, சோதனையில் பார்க்கப்படும் விளக்கையே அணைத்துவிடும்.

இரண்டு பக்கமும் எரியாத வண்டியில், ஸ்விட்சின் இரண்டு வயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று தொடச் செய்வது நேர்வழி. விளக்கு எரிந்தால் ஸ்விட்ச் போயிற்று. எரியாவிட்டால் ஸ்விட்சுக்கு முன்னால் மின்சாரம் வருகிறதா என்று செக்கிங் லைட்டால் பார்த்து, வராவிட்டால் ஃபியூஸுக்கும், வந்தால் பின்னால் போகும் வயருக்கும் போக வேண்டும். ஃபியூஸ் மாற்றியதும் மறுபடி மறுபடி போனால் எங்கோ வயர் தோல் உரிந்து சேஸைத் தொடுகிறது. சேஸின் கூர்விளிம்பு, ஸ்பிரிங் பட்டை, சைலன்சர் சூடு, எலிக்கடி ஆகியவை வழக்கமான காரணங்கள். ஃபியூஸுக்குப் பதில் சிகரெட் பெட்டி ஜிகினாத்தாளையோ தடித்த செம்புக் கம்பியையோ சுற்றி வண்டியை அனுப்பிவைக்கும் வழக்கம் நெடுஞ்சாலையில் நெடுங்காலம் இருந்தது. இதைக் கண்டிக்காமல் எழுத முடியாது. ஃபியூஸ் காக்க வேண்டிய வயர் தீப்பிடித்தால் எரிவது விளக்கு மட்டுமல்ல, வண்டியும் சரக்கும் கேபினில் தூங்குபவரும்.

டிரெய்லர்கள் பெருகியபின் ஏழு பின் சாக்கெட் ஒரு புதிய சோதனை இடமாகச் சேர்ந்தது. முன்வண்டியிலிருந்து சுருள் வயரில் வரும் மின்சாரம் இந்தச் சாக்கெட்டில்தான் கை மாறுகிறது. 24 வோல்ட் வண்டிகளுக்கான பன்னாட்டு முறையில் நான்காவது பின் பிரேக் விளக்குக்கு உரியது. பச்சைக் களிம்பு ஏறிய அந்த ஒரு பின்னைச் சுரண்டினாலே பல பழுதுகள் தீர்ந்துவிடும்.

சட்டத்தின் கண் இந்த விளக்கின்மேல் அழுத்தமாக விழுந்தது 1989 ஜூலை 1-இல். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் மத்திய மோட்டார் வாகன விதிகளும் அன்று நடைமுறைக்கு வந்தன. விதி 102, நிற்கும் எண்ணத்தைப் பின்புறச் சிவப்பு மின்விளக்கு காட்ட வேண்டும், அது பிரேக்கை இயக்கியவுடன் எரிய வேண்டும் என்கிறது. சரக்கு வண்டிகளுக்குத் தகுதிச் சான்று கட்டாயம். நெடுங்காலம் புதிய வண்டிக்கு முதலில் இரண்டு ஆண்டு, பிறகு ஆண்டுதோறும் புதுப்பிப்பு என்று இருந்தது. 2018 திருத்தத்துக்குப் பின் எட்டு ஆண்டு வரையிலான வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதற்கு மேல் ஆண்டுக்கு ஒருமுறை.   மக்கள் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்று அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியின் பின்னால் நின்று மிதிக்கச் சொல்லிப் பார்ப்பது, பின்னால் நின்று விளக்கைப் பார்த்துச் சொல்லும் கிளீனரின் பார்வைக்கு அரசு தந்த வடிவம். சோதனை நாளில் எரிந்தாக வேண்டிய விளக்கு மற்ற நாட்களில் எரிவதற்கு அது உத்தரவாதமாகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சாலை மாறியபோது பழுதின் விலை உயர்ந்தது. தாம்பரம்–திண்டிவனம் பகுதி 2004-இலும், திண்டிவனம்–உளுந்தூர்பேட்டை பகுதி 2009-இலும் நான்கு வழிச்சாலையாகப் பயன்பாட்டுக்கு வந்தன. ஊருக்குள் ஊர்ந்த லாரிகள் புறவழியில் ஓடின. ஊர் நடுவே இருந்த பட்டறைகளின் வேலை சர்வீஸ் ரோட்டுக்கும் விக்கிரவாண்டி சுங்கச்சாவடியை ஒட்டிய உணவகப் பகுதிகளுக்கும் நகர்ந்தது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி நொடிக்கு 22 மீட்டர் கடக்கும். முன்னால் போகும் லாரி வேகம் குறைப்பதை விளக்கில்லாமல், இடைவெளி சுருங்குவதை வைத்து மட்டும் உணர வேண்டுமென்றால் ஓரிரு நொடி வீணாகும். இரவில் அது போதும் உயிரைக் குடிக்க. இந்தியச் சாலை விபத்துகளில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் பின்னாலிருந்து மோதுவதால் நேர்பவை என்று 2022ஆம் ஆண்டுக்கான மத்திய அரசு அறிக்கை கணக்கிட்டது. அரவைப் பருவத்தில் முண்டியம்பாக்கம் நோக்கிப் போகும் கரும்பு வண்டிகளும், பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சவுக்குக் கட்டை லாரிகளும் எரியும் விளக்கையே மறைத்துவிடுகின்றன. அந்தக் குறையை எந்தப் பட்டறையிலும் பழுது பார்க்க முடியாது. பாரம் ஏற்றும் இடத்தில்தான் சரிசெய்ய வேண்டும்.

பிறகு எல்.இ.டி. வந்தது. இழை சூடேறி ஒளிரப் பல்புக்கு ஆகும் நேரத்தைவிட எல்.இ.டி. சுமார் 0.2 நொடி முந்தி எரிகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் அது பின்னால் வருபவருக்கு நான்கு மீட்டருக்கும் அதிகமான தூரத்தை மிச்சப்படுத்துகிறது. அதிர்வில் இழை அறுவது நின்றது. பட்டறையில் பல்பு வியாபாரமும் இளைத்தது. 2015 முதல் கனரக வண்டிகளுக்கு ஏ.பி.எஸ். கட்டாயமானது. 2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ். 6 புகை விதி வந்தபின் பல புதிய லாரிகளில் பிரேக் ஸ்விட்சின் தகவல் விளக்குக்கு மட்டுமன்றி இன்ஜினை ஆளும் மின்னணுப் பெட்டிக்கும் போகிறது. அத்தகைய வண்டியில் இரண்டு வயரைத் தொடச் செய்து பார்க்கும் பழைய முறை பெட்டியையே கெடுத்துவிடக்கூடும். ஸ்கேனர் வாங்கிக் கற்றுக்கொண்டவர்கள் புதிய வண்டிகளையும், செக்கிங் லைட்டோடு இருப்பவர்கள் பழைய வண்டிகளையும் பார்ப்பதாகத் தொழில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. எர்த்துத் துரு மட்டும் இருவருக்கும் பொது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் திண்டிவனம் அருகேயுள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது போன்ற நாட்களுக்குப் பிறகு, தண்ணீர் புகுந்த சாக்கெட்டுக்கு வண்டி புதியதா பழையதா என்ற வேறுபாடு கிடையாது.

இத்தனை மாற்றத்திலும் பெரிய இழப்பு கிளீனர். புறப்படும் முன் டயரைத் தட்டிப் பார்த்து, ‘அண்ணே, மிதிங்க’ என்று குரல் கொடுத்து, பின்னால் நின்று விளக்கைப் பார்த்தவர் அவர். கூலிச் செலவாலும் ஆள் கிடைக்காததாலும் இன்று பல லாரிகள் ஒரே ஓட்டுநரோடு ஓடுகின்றன. அந்த இடத்தை எந்தக் கருவியும் இன்னும் முழுமையாக நிரப்பவில்லை. தனியாக ஓட்டுபவர் இருட்டியபின் ஏர் ஏறிய வண்டியை ஒரு சுவருக்கோ, நிறுத்தப்பட்ட மற்றொரு லாரிக்கோ பின்புறம் காட்டி நிறுத்தி, பெடலை மிதித்துக்கொண்டே இரண்டு பக்கக் கண்ணாடியிலும் பார்த்தால், எரியும் பக்கத்தில் சிவப்பு வெளிச்சம் சுவரில் விழுவது தெரியும். பகலில் என்றால் டீக்கடையில் நிற்கும் எந்த ஓட்டுநரையும் பின்னால் போய்ப் பார்க்கச் சொல்லலாம். இந்தச் சாலையில் அந்த உதவியை யாரும் மறுப்பதில்லை. ஒவ்வொரு இரவு ஓட்டத்துக்கு முன்னும் இதைச் செய்துவிட்டே கிளம்ப வேண்டும்.